நீலகிரியில் சந்தடி இல்லாத சாலைகள்: சைக்கிளில் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைப் பக்கம் இருந்துகொண்டு பல வருடங்களாக நீலகிரிக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். போய் வந்ததும் தெரிந்தவர், தெரியாதவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊட்டி ரோட்டில் சைக்கிளா? அங்கேதான் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே?

நிற்கின்றன. மே மாதத்தில் குன்னூரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. ஆனால் அந்த வரிசையெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சாலைகளில்தான்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர், தொட்டபெட்டா திருப்பம், குன்னூரில் டால்பின் நோஸ் போகும் வழி. மாவட்டத்தின் மற்ற சாலைகள் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கும், தேயிலைத் தோட்டங்களுக்கும், மின்வாரியக் குடியிருப்புகளுக்கும் போகிறவை. சுற்றுலா வரும் கார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அப்படிப்பட்ட சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. எங்கேயாவது போய் முடிந்துவிடுகிற சாலையாகப் பாருங்கள். போன வழியே திரும்பி வர வேண்டும் என்றால் காரில் வருபவருக்கு அலுப்பு. நமக்கு அதுவே வரம். ஒரு அரசு பஸ் நாளைக்கு நாலைந்து தடவை வந்து, கடைசி ஊரில் திரும்பி நின்று, டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற சாலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பஸ் வருகிற அளவுக்கு ரோடு நன்றாக இருக்கும். கடைசி ஊரில் டீக்கடை இருக்கும். சைக்கிளுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் திரும்பி வர வழி இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையில் அமைதி இரண்டு விதம். தேயிலைக் காட்டுக்குள்ளும் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவிலும் இருப்பது ஒன்று: வண்டி இல்லை, ஆனால் கூப்பிடு தூரத்தில் ஆள் இருப்பார்கள். வனத்துறைக் காட்டுக்குள் இருப்பது வேறு: வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அந்த இரண்டாவது அமைதி யானைக்குச் சொந்தம். இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் வம்பில் மாட்டுகிறார்கள். கீழே நான் சொல்லும் வழிகள் பெரும்பாலும் முதல் வகை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்குக் குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

கோத்தகிரி வழி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

குன்னூர் சாலையில்தான் 14 கொண்டை ஊசி வளைவுகளும் பாதி வழியில் பர்லியாறு பழக்கடைகளும் இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் பஸ், லாரி, டெம்போ டிராவலர் எல்லாம் அதே வழி. புகையைக் குடித்துக்கொண்டே ஏற வேண்டும். கோத்தகிரி சாலை சுமார் 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. ஆக ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை 33 கிலோமீட்டரில் ஏறுகிறீர்கள். சராசரிச் சரிவு நாலரை சதவீதம்தான் வரும். எங்கேயும் மூச்சு முட்டாது, எங்கேயும் ஓய்வும் கிடைக்காது. சீராக ஏறிக்கொண்டே இருக்கும். ஓரளவு ஓட்டிப் பழகியவருக்கு மூன்றிலிருந்து நாலு மணி நேரம்.

ஒரு எச்சரிக்கை. சீசன் நாட்களில் குன்னூர் வழியை ஏறுவதற்கும் கோத்தகிரி வழியை இறங்குவதற்கும் ஒருவழிப் பாதையாக மாற்றுவது வழக்கம். அப்போது நீங்கள் ஏறும் சாலையில் ஊட்டி முழுக்க இறங்கி வந்துகொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த யோசனையைக் கைவிட்டுவிடுங்கள்.

முதல் தடவை வருகிறேன். எந்த வழியில் ஆரம்பிக்கலாம்?

கோத்தகிரியில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் கோடநாடு போய் வாருங்கள். போக 18 கிலோமீட்டர், வர 18 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது. ஆனால் தேயிலைச் சரிவுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலை என்பதால் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, திரும்பும்போது கால் கொஞ்சம் பேசும். கடைசியில் கோடநாடு காட்சிமுனை. பாறை விளிம்பில் நின்று பார்த்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா ஊரும் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் தெரியும். தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு.

காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் காட்சிமுனைக்குக் கார்கள் வரத் தொடங்கிவிடும். சனி, ஞாயிறு என்றால் இன்னும் சீக்கிரம்.

இதையே கொஞ்சம் நீட்ட விரும்பினால் கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் திரும்புங்கள். என் ஓட்டு அந்தச் சாலைகளுக்குத்தான். காட்சிமுனை என்று பெயர் பலகை எதுவும் இல்லாததால் யாரும் வருவதில்லை. கோத்தகிரிக்குத் திரும்பியபிறகு தெம்பிருந்தால் இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு. 1819-இல் இந்த மலைக்கு வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா அங்கே இருக்கிறது. ஊட்டி உருவாகும் முன்னரே கட்டிய வீடு. நான் போனபோதெல்லாம் என்னைத் தவிர ஓரிருவர்தான் இருந்தார்கள்.

ஊட்டியில்தான் அறை போட்டிருக்கிறோம். அங்கிருந்து?

ஊருக்குள் ஓட்டாதீர்கள். விடிந்ததும் பெர்ன்ஹில் பக்கமாக வெளியேறி முத்தோரை பாலடா வழியாக எமரால்டு போங்கள். ஒரு பக்கம் இருபது கிலோமீட்டர் சொச்சம். இந்தப் பக்கம் தேயிலையைவிடக் காய்கறி அதிகம். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் படிப்படியாக வெட்டிய சரிவுகளில். செம்மண் பாத்தி, பச்சைப் பாத்தி, மறுபடி செம்மண். எதிரில் வருவது பெரும்பாலும் காய்கறி ஏற்றிய பிக்கப்தான்.

இந்தச் சாலையில் என் மனதில் நிற்பது ஒரு கேரட் கழுவும் இடம். டிசம்பர் மாதம், காலை ஏழே கால் இருக்கும். புல்லெல்லாம் உறைபனி, உப்பு தூவியதுபோல. பெரிய இரும்புக் கூடு ஒன்று மோட்டாரில் உருள, உள்ளே மண்ணோடு கொட்டிய கேரட் தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்சச் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரு அம்மா என் கையைப் பார்த்தார். கையுறை இல்லாமல் வந்திருந்தேன். விரல் பிரேக்கைப் பிடித்தபடியே விறைத்துப்போயிருந்தது. "எதுக்கு கண்ணு இப்படி வர்ற, இங்க வந்து நில்லு" என்று விறகடுப்புப் பக்கம் காட்டினார். பத்து நிமிடம் அங்கே நின்று, அவர் கொடுத்த இரண்டு கேரட்டைக் கடித்துக்கொண்டே கிளம்பினேன். அந்த ஈரக் கேரட்டுக்கு இருந்த இனிப்பு கோவைச் சந்தையில் வாங்கியதில் இதுவரை கிடைத்ததில்லை.

எமரால்டுக்கு அப்பால் அவலாஞ்சி. ஏரி வரை சொந்த வண்டியில் போக முடியாது. சோதனைச் சாவடியிலிருந்து வனத்துறை வாகனத்தில்தான் கூட்டிப்போகிறார்கள். அதனால் எமரால்டு அணை பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. இந்த அணைகளெல்லாம் கனடா நாட்டின் உதவியோடு வந்த குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை.

ஊட்டிக்கு வடக்கே எப்பநாடு, கடநாடு பக்கம் போகும் சாலைகளும் நல்லவைதான். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி சைக்கிளில் போகலாமா?

தாராளமாக. சுமார் 30 கிலோமீட்டர். தொட்டபெட்டா திருப்பம் வரை ஏற்றமும் கூட்டமும். அதைத் தாண்டினால் தூனேரி, கட்டபெட்டு வழியாகப் பெரும்பாலும் இறக்கம். கட்டபெட்டில் குன்னூர் சாலை பிரியும். இது முழு அமைதிச் சாலை என்று சொல்ல மாட்டேன், பஸ் போக்குவரத்து உண்டு. ஆனால் குன்னூர் சாலையோடு ஒப்பிட்டால் கோயில் பிராகாரம்.

மஞ்சூர், கெத்தை, முள்ளி வழியைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே?

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்குகிற சாலை. 43 கொண்டை ஊசி வளைவுகள். நீலகிரிக்கு மூன்றாவது பாதை என்று சொல்வார்கள். வண்டி குறைவு, அடர்ந்த காடு, நடுவில் நீர்மின் நிலையம். படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

நான் மேலே சொன்ன இரண்டாவது வகை அமைதி இதுதான். யானைகள் ரோட்டிலேயே நிற்கும் இடம். பஸ்ஸை மறித்துக்கொண்டு யானைக் கூட்டம் நிற்பது அங்கே செய்தியே இல்லை, அன்றாடம். சாலை குறுகல், ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பாறை. யானை எதிரில் வந்தால் சைக்கிளைத் திருப்பி ஏற்றத்தில் மிதிக்க வேண்டும். அது நடக்கிற காரியமா? சோதனைச் சாவடிகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு, இருசக்கர வாகனங்களை அனுப்பாத காலமும் உண்டு. மஞ்சூர் வரை போய் வாருங்கள். ஊட்டியிலிருந்து 35 கிலோமீட்டருக்குள், குந்தா பாலம் இறங்கி ஏறும் அருமையான சாலை. அதற்குக் கீழே போவதாக இருந்தால் சாவடியில் கேட்டு, அவர்கள் சரி என்றால், துணை வாகனத்தோடு, நல்ல வெளிச்சத்தில். தனியாகப் போகாதீர்கள்.

கல்லட்டி மலைப்பாதையில் ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலை, 36 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிள்காரர்கள் நடுவில் பெரிய பெயர். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணம்தான் அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது. கோத்தகிரி ஏற்றத்தில் அனுபவம் சேர்ந்த பிறகு இதற்கு வாருங்கள். காரே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் சரிவு. நடுவில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமே வேண்டாம். நான் இரண்டு முறை தள்ளியிருக்கிறேன்.

இறங்குவதற்கு மட்டும் இந்தப் பாதையை எடுக்காதீர்கள். பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளால் வெளியூர் வாகனங்களையே அதில் இறங்க விடுவதில்லை. தவிர, கீழே மசினகுடியும் தெப்பக்காடும் முதுமலைப் புலிகள் காப்பகம். காட்டுச் சாலையில் நிற்கவோ இறங்கிப் படம் எடுக்கவோ கூடாது.

யானை, காட்டெருமை, கரடி… உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்?

பயம் வேண்டாம், நேரம் பார்த்துப் போனால் போதும். நன்றாக விடிந்தபிறகு கிளம்புவது, மாலை ஐந்துக்குள் அறைக்குத் திரும்புவது. அவ்வளவுதான் விதி.

யானை மேலே குறைவு, மலைச்சாலைகளின் கீழ்ப்பகுதியில்தான் அதிகம். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கமும், குன்னூர் சாலையில் பர்லியாறு பக்கமும் பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் யானைகள் வந்துவிடும். அந்தச் சமயம் விடியும் முன் மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்னால் ஒரு பஸ் போகட்டும். கரடி தேயிலைக்குள் இருட்டியபின் நடமாடும், அதனால்தான் ஐந்து மணிக் கணக்கு.

காட்டெருமைதான் பகலிலேயே எதிர்ப்படும். ஒருமுறை கட்டபெட்டைத் தாண்டி ஒரு வளைவில் தேயிலைச் செடிகளுக்கு மேலே கறுப்பாக ஏதோ பாறை தெரிந்தது. நேற்று இங்கே பாறை இல்லையே என்று யோசிப்பதற்குள் பாறை காதை ஆட்டியது. முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல அதன் கால்கள். என்னைப் பார்த்தது, நான் நின்றேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, "பெல் அடிச்சிடாதீங்க தம்பி, அதா போயிடும்" என்றார். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். அது சாவகாசமாக ரோட்டைக் கடந்து கீழே தேயிலைக்குள் இறங்கியது. அந்தப் பெரியவர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நில்லுங்கள், சத்தம் வேண்டாம், சுற்றிப் போகப் பார்க்காதீர்கள்.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் என் முதல் தேர்வு. வானம் தெளிவு, மழை இல்லை, ரோடு காய்ந்திருக்கும். காலையில் குளிர் எலும்பைத் தொடும். ஒன்பது மணிக்கு மேல் பொன் வெயில்.

மழையைப் பொறுத்தவரை நீலகிரி இரண்டு மலை மாதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் நனைந்து ஊறும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாட்களில் கோத்தகிரி பக்கம் வெறும் சாரலோடு போய்விடும் வாரங்கள் உண்டு. அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்தப் பக்கத்தில்தான். மழை எச்சரிக்கை வந்தால் வேறு யோசனையே வேண்டாம், பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

கிழமை என்றால் செவ்வாய், புதன், வியாழன். பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை தொடர் விடுமுறைகளில் வீட்டிலேயே இருங்கள்.

என்ன சைக்கிள் வேண்டும்? விலை உயர்ந்ததாக இருக்க வேண்டுமா?

விலையைவிடப் பல் சக்கரம்தான் முக்கியம். முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரிய சக்கரம் 32 அல்லது 34 பல் இருந்தால் மேலே சொன்ன வழிகளில் கல்லட்டியைத் தவிர எல்லாம் உட்கார்ந்தபடியே ஏறலாம். மலைச் சைக்கிளோ ஹைப்ரிடோ இருந்தால் இன்னும் சௌகரியம், வேகம்தான் குறையும். கியர் இல்லாத சைக்கிளில் பால்காரர்கள் ஏறுகிறார்களே என்று கேட்காதீர்கள், அவர்கள் தொடை வேறு.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ட்யூப் இரண்டு, பம்பு, பங்க்சர் ஒட்டும் சாமான், ஒரு செயின் இணைப்பு. சின்ன ஊர்களில் சாதாரண பங்க்சர் பார்ப்பார்கள், மெல்லிய ரோடு சைக்கிள் ட்யூப் கிடைக்காது.

இறக்கத்தில் பயமாக இருக்கிறது.

இருக்க வேண்டும். ஏற்றம் வலிக்கும், அடிபடுவது இறக்கத்தில்தான். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். சத்தம் கேட்டாலே ஓரத்தில் நின்றுவிடுங்கள்.

குளிர் வேறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் ஆறு டிகிரி குறையும். வியர்த்த உடம்போடு இறங்கினால் நடுங்கும். ஜெர்கின் இல்லையென்றால் டீக்கடையில் பழைய தினசரி ஒன்றை வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், காற்று உள்ளே வராது.

தண்ணீர், சாப்பாடு?

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சைக்கிளில் மாட்டும் பாட்டில் பிரச்சினை இல்லை. சாலையோரம் காசு போட்டால் தண்ணீர் வரும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் உள் சாலைகளில் அவற்றை நம்ப வேண்டாம், டீக்கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு வர்க்கியும் டீயும். பிஸ்கட் போல மொறுமொறுவென்று இருக்கும் வர்க்கி இரண்டை நனைத்துத் தின்றால் அடுத்த பத்து கிலோமீட்டருக்கு வண்டி ஓடும்.

இ-பாஸ் எடுக்க வேண்டுமா?

2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. அது வண்டியின் பதிவெண்ணை வைத்துக் கொடுப்பது, சைக்கிளுக்குப் பதிவெண்ணே கிடையாதே. உங்கள் பின்னால் துணைக்குக் கார் வருகிறதென்றால் அந்தக் காருக்கு எடுங்கள்.

சென்னையிலிருந்து சைக்கிளை எப்படிக் கொண்டு வருவது?

நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பிக் காலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து சரக்குப் பெட்டியில் ஏற்றலாம். கியர் பக்கத்தில் அட்டை சுற்றி, பெடலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என் சைக்கிளின் பின் கியர் கொக்கி வளைந்தே வந்து சேர்ந்தது. அன்று முழுக்க ஒரே கியரில் கோத்தகிரி ஏறினேன். அப்புறம் அட்டை சுற்றாமல் ஏற்றியதில்லை.

வந்த அன்றே ஏறி, அன்றே இறங்கிவிட முடியுமா?

காலை ஏழரைக்கு மேட்டுப்பாளையத்தில் மிதித்தால் பதினொன்று, பதினொன்றரைக்குக் கோத்தகிரி. சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு மணிக்கு இறங்கினால் மூன்றரைக்குள் கீழே. மூன்று மணிக்கு மேலும் கோத்தகிரியிலேயே இருக்கிறீர்கள் என்றால் இறங்க வேண்டாம். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் ஏறிவரும், காய்கறி லாரிகளும் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டு, மறுநாள் காலை கோடநாடு போய்விட்டு இறங்குங்கள்.